நனையாத பெட்டி

எங்கள் கடைச் சுவரில் இரண்டு அறிவிப்புகள் தொங்கின. ஒன்று நான் எழுதியது: செருப்பை வெளியே விடவும். இன்னொன்று என் கணவர் எழுதியது: காந்தம், ரேடியோ, டேப் ரிக்கார்டர் உள்ளே கொண்டு வரக் கூடாது. என்னுடையதை எல்லோரும் மதித்தார்கள். அவருடையதைப் படித்துவிட்டுச் சிரித்தார்கள். கள்ளக்குறிச்சியில் டைப்ரைட்டிங் கற்றுக்கொள்ள வருகிறவர்கள் காந்தத்தைத் தூக்கிக்கொண்டு எதற்கு வரப் போகிறார்கள் என்று நானே அவரைக் கேலி செய்திருக்கிறேன். அவர் அந்த அட்டையைக் கழற்றவில்லை. வெயிலில் எழுத்து மங்கியபோது அதன் மேலேயே மறுபடி மையிட்டு எழுதினார்.

டைப்ரைட்டிங் பயிலகம் என்னுடையது. கல்யாணத்துக்கு முன்பிருந்தே நான் நடத்தி வந்தது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் ஓட்டுக் கட்டடம், வரிசையாக மெஷின்கள், காலையிலும் சாயங்காலமும் காது அடைக்கிற சத்தம். அதில் பாதியை பிளைவுட் வைத்துத் தடுத்து, உள்ளே ஒரு கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து வைத்தவர் அவர். சென்னையில் ஏதோ ஒரு கம்பெனி வேண்டாமென்று கழித்துவிட்ட மெஷின். அதற்குள் சொந்தமாக ஞாபகம் என்று எதுவும் கிடையாது. சதுரமாக, தொட்டால் வளைகிற ஃபிளாப்பியை வாயில் போட்டால்தான் அதற்குப் பேச்சே வரும். ஃபிளாப்பியை எடுத்துவிட்டால் வெறும் டப்பா. எங்கள் ஊரில் அப்படி ஒன்று அப்போது வேறு யாரிடமும் இல்லை. அரிசி ஆலைக்கும் ஜவ்வரிசி ஆலைக்கும் ஆங்கிலத்தில் கடிதம், விலாசச் சீட்டு என்று கொஞ்சம் வேலை வந்தது. மற்ற நேரத்தில் வேடிக்கை பார்க்கத்தான் ஆட்கள் வந்தார்கள்.

ஆனால் அவர் அதை வாங்கியது கடிதம் அடிக்க அல்ல. தமிழ் அடிக்க.

என்னைக் கட்டுவதற்கு முன் அவர் வெள்ளிமலையில் ஒரு விடுதிப் பள்ளியில் தற்காலிக வாத்தியாராக இருந்தார். மழைக்காலத்தில் மலைக்கு பஸ் ஏறாது. ஜீப் வந்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. சாயங்காலமானால் பேச்சுத் துணைக்கு ஆளில்லாத அந்த மாதங்களில்தான் அவர் வரைபடத் தாள்களில் கட்டம் கட்டமாகப் புள்ளி வைத்து, ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் வரைய ஆரம்பித்திருக்கிறார். கம்ப்யூட்டரை நேரில் பார்க்காமலே, தபாலில் வந்த பாடத்தைப் படித்தே அத்தனையும். கீழே இறங்கி வந்து மெஷின் வாங்கியபின், அந்தப் புள்ளிகளை எண்களாக்கி உள்ளே ஏற்றினார். அதற்கு வருஷங்கள் ஆயின. ஒவ்வொரு எழுத்தையும் அச்சடித்து என்னிடம் கொண்டுவந்து நீட்டுவார். நான் தமிழ் டைப்பில் ஹையர் தேறியவள், விடுவேனா? "ணை"க்கு வயிறு ஜாஸ்தி என்பேன். "ழு"வுக்குக் கால் நொண்டுகிறது என்பேன். முகம் தொங்கிவிடும். மறுநாள் திருத்திக் கொண்டுவருவார்.

கடைசியில் ஒரு நாள் முழுப் பக்கமும் குறையில்லாமல் வந்தது. நான் அதை வெளிச்சத்தில் பிடித்து வரி வரியாகப் படித்தேன். எனக்குப் பெருமையாக இருந்தது. அதை அன்றே வாய்விட்டுச் சொல்லியும் விட்டேன், அதுவரை ஆறுதல்.

அந்தப் பக்கம் கை மாறிக் கை மாறி, சென்னையில் அச்சகம் வைத்திருந்த ஒரு பெரியவரிடம் போனது. அவர் ஆள்மூலம் சொல்லி அனுப்பினார்: நேரில் வருகிறேன், என் கண் முன்னால் ஓட்டிக் காட்டட்டும், ஓடினால் அந்த எழுத்துகளையும் எடுத்துக்கொள்கிறேன், எழுத்துகளைச் செய்தவரையும் வேலைக்கு எடுத்துக்கொள்கிறேன். கார்த்திகையில் வருவதாகப் பேச்சு.

இடஒதுக்கீட்டுப் போராட்ட வருஷங்கள் அவை. புளியமரங்களை வெட்டிச் சாலையில் குறுக்கே சாய்த்து, ஊர்களே தனித்தனித் தீவுகளாகக் கிடந்த நாட்களை எங்கள் பக்கத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. அது ஓய்ந்த பிறகும் திடீர் திடீரென்று மறியல், கடையடைப்பு, போலீஸ் வண்டி. டீக்கடையில் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தாலும் யாருக்கு எத்தனை வேலை என்ற பேச்சுத்தான். அவர் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவே மாட்டார். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து, புதுப்பித்து, புதுப்பித்து அலுத்துப் போனவர். யார் ஜெயித்தாலும் தன் முறை வராது என்று முடிவே கட்டிவிட்டார். எனக்குக் கோபம் வரும். நம்ம பிள்ளைகளுக்காவது வேண்டாமா என்று சண்டை போட்டிருக்கிறேன். "எனக்கு இது போதும்" என்று தடுப்புக்குப் பின்னால் கையைக் காட்டுவார். அந்த எழுத்துகள் எங்கள் பிழைப்புக்கு வழி என்பதை விட, இத்தனை காலம் தன்னை வேண்டாமென்ற உலகத்துக்கு அவர் வைத்திருந்த ஒரே பதில் என்றுதான் சொல்ல வேண்டும்.

கார்த்திகை பிறந்தது. பெரியவர் வருவதாகச் சொன்ன வாரத்துக்கு முந்தைய வாரம், ரேடியோவில் புயல் என்றார்கள். வங்கக் கடலில் கடும் புயல், கடலூர் பக்கம் கரையைக் கடக்கும், உள் மாவட்டங்களிலும் சூறைக்காற்று. எங்கள் ஊருக்குப் புயல் வந்து சேரும்போது பாதி பலம்தான் இருக்கும் என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தப் பாதி போதும், எங்கள் ஓட்டைப் பிரித்து வீச.

அவர் புயலுக்கு ஆயத்தமான விதத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும். எனக்கு எரிச்சல் வந்தது. முதலில் எல்லா ஃபிளாப்பிகளுக்கும் நகல் எடுத்தார். மின்சாரம் போய்ப் போய் வந்ததால் பாதியில் நின்று, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நகலைத் திருக்கோவிலூரில் கல்லூரி ஆசிரியராக இருந்த தன் நண்பரிடம் கொடுத்துவைப்பது அவர் திட்டம். ஒரு ஊரில் வெள்ளம் வந்தாலும் இன்னொரு ஊரில் பத்திரமாக இருக்கும். நல்ல திட்டம்தான், நான் குறை சொல்லவில்லை. துணிப்பையில் வைத்து, மடியிலிருந்து இறக்காமல் பஸ்ஸில் போனவர், மத்தியானத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். ரிஷிவந்தியத்துக்கு முன்னாலேயே சாலையில் மரம் போட்டு மறித்திருந்தார்களாம். புயல் வருதுன்னு ரேடியோவே சொல்லுது, இன்னைக்குமா என்று கண்டக்டர் கேட்டதற்கு, புயல் நாளைக்குத்தான், மறியல் இன்னைக்கு என்றார்களாம். நடந்து போயிருக்கலாமே என்று நான் கேட்கவில்லை. தூறல் ஆரம்பித்திருந்தது, ஃபிளாப்பியோடு அவர் நடந்திருக்க மாட்டார்.

ஆக, மூலமும் நகலும் ஒரே ஊரில், ஒரே சந்தில், ஒரே ஒழுகும் ஓட்டுக்குக் கீழே.

சந்து முனையில் ஒரு சவுண்ட் சர்வீஸ் இருந்தது. கல்யாணம், காதுகுத்து, திருவிழா, கட்சிக் கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக்செட் கட்டுகிற பையன் நடத்தினான். பையன் என்றாலும் கல்யாணம் ஆனவன்தான். சந்திலேயே அவன் மாடி அறை மட்டும்தான் காங்கிரீட். போராட்டக் காலத்தில் ஒலிபெருக்கிக்குப் போலீஸ் அனுமதி கிடையாது. அதனால் அவனுக்கு மாதக்கணக்கில் தொழில் இல்லை. அனுமதி இல்லாவிட்டாலும் ஆளுக்கு ஒருவர் வந்து செட்டைக் கேட்டு மிரட்டுகிறார்கள் என்று ஒரு தந்திரம் செய்திருந்தான். ஆளுயர ஒலிபெருக்கிக் குழாய்களைக் கீழ்க் கடையில் எல்லோரும் பார்க்கும்படி மாட்டிவிட்டு, அவற்றிலிருந்து சத்தம் வருவதற்கான உள்பாகங்களை மட்டும் தனியே கழற்றி ஒளித்துவிட்டான். கேட்டு வருகிறவர்களிடம், எல்லாம் ரிப்பேர், எடுத்துக்கினு போனாலும் பேசாது என்று கையை விரிப்பான். எங்களுக்குத் தெரிந்தது அந்தக் கைவிரிப்பு மட்டும்தான். எல்லோரையும் போல நாங்களும் அதை நம்பினோம்.

அவனே வந்து கேட்டான், கம்ப்யூட்டரை என் மாடியில் கொண்டுவந்து வைக்கிறீர்களா என்று. என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்த சில மணி நேரம் நாங்கள் மூவரும் செய்தது அதுதான். உர மூட்டைக்குள் இருக்கும் பாலிதீன் பைகளை முந்தின நாளே கழுவி உலர்த்தி வைத்திருந்தார், யூரியா ஒட்டியிருந்தால் ஈரம் இழுக்கும் என்று. ஒவ்வொரு ஒயரையும் கழற்றி, எது எதில் போகும் என்று நூல் கட்டி அடையாளம் வைத்தார். மானிட்டரை என் பழைய சேலையில் சுற்றி, அதன்மேல் பாலிதீன், அதன்மேல் சைக்கிள் டியூபைக் கத்தரித்துச் செய்த ரப்பர் பட்டை. மெஷினுக்கும் அப்படியே. ஃபிளாப்பிகளை ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அடுக்கி, மூடியின் விளிம்பில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி அடைத்தார். அதில் மூலமும் இருந்தது, நகலும் இருந்தது.

என் டைப்ரைட்டர்களைப் பற்றி யாரும் பேசவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க அப்பா வாங்கிக் குடுத்த மெஷினுங்க, அதுக்கு ஒரு சாக்குகூடக் கெடையாதா" என்றேன். வெட்கப்பட்டுப் போனார். சுற்றிலும் தேடினார். சாக்கெல்லாம் தீர்ந்திருந்தது. வரிசைக்குப் பக்கத்து ஜன்னலில் கண்ணாடி உடைந்து சாரல் நேராக மெஷின்கள் மேல் அடிக்கும். பரணிலிருந்து அந்த வரைபடத் தாள் கட்டை இறக்கினார். வெள்ளிமலையில் வரைந்தவை. மைதாப் பசையைக் காய்ச்சச் சொல்லி, தாள்மேல் தாளாக ஜன்னலை அடைத்து ஒட்டினார்.

"இது வேணாங்க" என்றேன்.

"அதெல்லாம் உள்ள ஏறிட்ச்சு. இனிமே பேப்பர் எதுக்கு?" என்றார்.

நான் கேட்டது சாக்கு. அவர் கொடுத்தது அது. இதில் குற்ற உணர்வு என்று எனக்கு ஒன்றுமில்லை, ஆனால் அந்தப் பசை வாசனை இன்னும் மூக்கை விட்டுப் போகவில்லை.

மாடி அறையில் ஒரு மேசையும், மூலையில் கோணியால் மூடிய மரப்பெட்டிகளும் இருந்தன. மெஷினை மேசைமேல் வைத்தோம். ஃபிளாப்பிப் பெட்டியையும் அங்கேதான் முதலில் வைத்தார். பிறகு அண்ணாந்து பார்த்தார். மேசைக்கு நேர் மேலே காங்கிரீட்டில் ஒரு பழைய ஈரத் தடம். மெஷினுக்கு அத்தனை சுற்று சுற்றியிருக்கிறது, பெட்டிக்கு என்ன செய்வது? தரையில் வைக்கவும் மனம் வரவில்லை, கதவிடுக்கில் தண்ணீர் வரும்.

"அந்த மூலையில பொட்டிங்க மேல வைங்க சார். எந்தத் தண்ணி வந்தாலும் எட்டாது. அறையிலயே நல்லா காஞ்ச எடம் அதான்" என்றான் சவுண்ட் சர்வீஸ்காரன்.

மூலையைத் தடவிப் பார்த்தார். உண்மையிலேயே காய்ந்திருந்தது. கோணிக்குமேல் பெட்டியை வைத்து, அசையாதபடி இரண்டு பக்கமும் துணி கொடுத்தார். பையன் ஒரு கற்பூரத்தை ஏற்றப் போனான். நாங்கள் சர்ச்சுக்குப் போகிற வேதக்காரர்கள் என்பது அவனுக்குத் தெரியும், இருந்தாலும் பழக்கம். அதற்காக அல்ல, புகைக்காக அவனைத் தடுத்தார். ஃபிளாப்பிக்குப் புகை ஆகாது, தூசி ஆகாது, சூடு ஆகாது என்று அவனுக்கு விளக்கமாகச் சொன்னார். அவன் பயபக்தியோடு கேட்டுக்கொண்டு கற்பூரத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

மறுநாள் விடிந்ததிலிருந்து புயல் அடித்தது. வீட்டுக்குள் கட்டிலைச் சுவரோரம் இழுத்துப் போட்டு, பிள்ளைகளை அதன்கீழ் உட்காரவைத்துவிட்டு, ஓடுகள் ஒவ்வொன்றாகப் போகும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தோம். நான் ஜெபம் சொன்னேன். அவர் உதடு அசையவில்லை. கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். பெட்டி, பெட்டி என்று அவர் மனம் அடித்துக்கொண்டது எனக்குக் கேட்டது. சாயங்காலம் காற்று தணிந்தது.

அடுத்த நாள் காலை சந்துக்குள் இடுப்பளவுக்கு முருங்கையும் வேப்பங்கிளையும் கிடந்தன. போராட்டம் விட்டுவைத்த மரங்களைப் புயல் எடுத்துக்கொண்டுவிட்டது என்று டீக்கடையில் சொல்லிச் சிரித்தார்கள். பயிலகத்தின் கூரையில் பாதி இல்லை. ஜன்னலில் ஒட்டிய தாள்கள் கரைந்து கூழாகித் தரையில் வழிந்திருந்தன. நீல மை மட்டும் சுவரில் கோடு கோடாக இறங்கியிருந்தது. டைப்ரைட்டர்கள் தொப்பலாக நனைந்து நின்றன. அவர் எதையும் நின்று பார்க்கவில்லை. நேரே சந்து முனைக்கு ஓடினார்.

மாடி அறையைத் திறந்தபோது மேசைமேல் தண்ணீர் சொட்டியிருந்தது. மெஷின் சுற்றிக் கட்டியது கட்டியபடியே இருந்தது, உள்ளே ஈரம் இல்லை. மூலையில் கோணி காய்ந்திருந்தது. பெட்டி காய்ந்திருந்தது. மெழுகில் ஒரு கீறல் இல்லை. அவர் அதை எடுத்துக் கன்னத்தில் வைத்துக்கொண்டார். பையனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். கல்யாண நாளில்கூட அவர் முகம் அப்படி இருந்ததில்லை, பொறாமையாகத்தான் இருந்தது. மின்சாரம் வராததால் எல்லாவற்றையும் இருந்தபடியே விட்டுவைத்தோம். வந்ததும் இறக்கிக்கொள்ளலாம் என்றார்.

மின்சாரம் வர ஒரு வாரத்துக்குமேல் ஆனது. அந்த நாட்களில் அவர் ஓடு மாற்றினார், பாட்டு முணுமுணுத்தார், என் டைப்ரைட்டர்களுக்கு மண்ணெண்ணெயும் எண்ணெயும் போட்டுத் துடைத்துக் கொடுத்தார். அவை ஒவ்வொன்றாகப் பேச ஆரம்பித்தன. சென்னைக்குப் போய் வீடு பார்ப்பதைப் பற்றிக்கூடப் பேசினோம்.

மின்சாரம் வந்த அன்றே, சொன்ன சொல் தவறாமல் அந்தப் பெரியவரும் வந்து சேர்ந்தார். பாதி வழி லாரியில் வந்தாராம், வேட்டியெல்லாம் சேறு. அவசர அவசரமாக மெஷினை இறக்கி, நூல் அடையாளம் பார்த்து மாட்டினோம். பெட்டியின் மெழுகை அவர் முன்னாலேயே உடைத்தார் என் கணவர். முதல் ஃபிளாப்பியைப் போட்டார். மெஷின் கரகரவென்று தேடியது. படிக்க முடியவில்லை என்று திரையில் ஆங்கிலத்தில் ஒரு வரி வந்தது. எடுத்துத் துடைத்துப் போட்டார். அதே வரி. நகலைப் போட்டார். அதே வரி. ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போனார். பெட்டியில் இருந்த எல்லாவற்றுக்கும் மெஷின் அதே வரியைத்தான் சொன்னது.

பெரியவர் நல்லவர். சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். கையில் வரைந்தது ஏதாவது இருக்கிறதா, அதை வைத்து மறுபடி செய்யலாமே என்று கேட்டார். நான் ஜன்னலைப் பார்த்தேன். "ஒன்னும் இல்லைங்க" என்றார் என் கணவர். பெரியவர் போகும்போது என் கணவரின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். திரும்பி வரவில்லை.

என்ன ஆனது என்பது மறுநாள் தெரிந்தது. புயல் நிவாரண அறிவிப்புக்காக ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுத்திருந்தார்கள். எங்கள் பொருள் ஏதாவது மாடியில் விட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்க நானும் அவரும் ஏறினோம். சவுண்ட் சர்வீஸ்காரன் சந்தோஷமாகக் கோணியை உருவி, மூலையிலிருந்த மரப்பெட்டிகளைத் திறந்துகொண்டிருந்தான். உள்ளே வரிசை வரிசையாக, குழாய்களிலிருந்து கழற்றிய கனமான கருப்பு வட்டுகள். ஒவ்வொன்றின் முதுகிலும் கையகலக் காந்தம். அவன் வைத்த ஸ்குரூ டிரைவரை அதில் ஒன்று டக்கென்று இழுத்துக்கொண்டது.

என் கணவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். காந்தம் பக்கத்தில் இருந்தாலே ஃபிளாப்பியில் பதிந்ததெல்லாம் அழிந்துவிடும். அத்தனை நாளும், எங்கள் பெட்டி அந்தக் காந்தங்களின் மடியில் உட்கார்ந்திருக்கிறது. அவனிடம் கத்தப் போனேன். அவர் என் கையை அழுத்தினார். படி இறங்கினோம்.

"அவன்கிட்ட இன்னாத்துக்கு சொல்றது? நல்லது பண்ணான்" என்றார்.

கடைக்கு வந்து சுவரிலிருந்த அந்த அறிவிப்பைக் கழற்றினார். தை பிறந்ததும் வெள்ளிமலைக்கே திரும்பப் போனார், அதே தற்காலிக வேலைக்கு. வரைபடத் தாள் வாங்கித் தரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். பையை எடுத்துக்கொண்டு, மலைக்குப் போகிற கச்சிராயப்பாளையம் பஸ்ஸுக்குப் போய்விட்டார். மெஷினை வந்த விலைக்குக் கொடுத்தோம். தமிழில் அடிக்கிற கம்ப்யூட்டர் பிறகு எங்கெங்கோ வந்தது, யார் யாரோ செய்தார்கள். எங்கள் ஊருக்கும் வந்தது. அதில் வந்த கல்யாணப் பத்திரிகையை ஒருநாள் கையில் எடுத்துப் பார்த்தவர், "ணை"க்கு வயிறு ஜாஸ்தி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நான் உள்ளே போய் அழுதேன்.

சவுண்ட் சர்வீஸ்காரன் இன்னும் எதிரில் பட்டால் விடுவதில்லை. ஊரில் புயல் பேச்சு வந்தால் அவனுக்கு அந்தக் கதைதான். புதிதாக யாராவது பக்கத்தில் நின்றால் அவர்களிடமும் சொல்வான். போன மழைக்கும் பஸ் நிலையத்தில் எங்களைப் பிடித்துக்கொண்டான்.

"எவ்ளோ பெரிய புயலு. சாரோட பொட்டி மேல ஒரு சொட்டு பட வுடலையே நானு. இன்னா சார்?"

"ஆமாம்பா" என்றார் என் கணவர். "ஒரு சொட்டு படல."